சீரில் போன டிரெஸ்ஸிங் டேபிள்

எனக்குக் கை சும்மா இருக்காது. டிவி பார்க்கும்போதுகூட எதையாவது சுரண்டிக்கொண்டுதான் இருப்பேன். "இவளை ஒரு எடத்துல உக்கார வைக்கணும்னா உப்புத்தாளும் ஒரு பலகையும் குடுத்தாப் போதும்" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லட்டும். அவருக்கென்ன, காலையில் கடைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். மகனும் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டான். பழனிசெட்டிபட்டியில் இந்த வீட்டுச் சுவர்களை நான் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

அப்படிப் பிடித்த பைத்தியம்தான் இது. தேனியில் பழைய சாமான் கடைகளில் புகுந்து ஸ்டூல், நாற்காலி, சின்ன அலமாரி என்று கிடைத்ததைத் தூக்கி வருவேன். மாடியில் தகரம் போட்ட இடத்தில் வைத்துத் தேய்ப்பேன். முதலில் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு பூச்சு. அது காய்ந்ததும் ஓரங்களில் மெழுகுவர்த்தியை உரசிவிட்டு, மேலே வெளிர்பச்சையோ சாம்பல்நீலமோ அடிப்பேன். அப்புறம் உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்தால் அடிப்பூச்சு எட்டிப் பார்க்கும். கடைசியில் கிளேஸ். அது பாகு மாதிரி ஒரு திரவம். அதில் கருப்பும் காவியும் கலந்து பூசி, காய்வதற்குள் பழைய பனியன் துணியால் துடைத்துவிட வேண்டும். மேட்டில் இருப்பது போய்விடும், பள்ளத்தில் இருப்பது தங்கிவிடும். பார்த்தால் நூறு வருஷம் புழங்கிய சாமான் மாதிரி இருக்கும். இதையெல்லாம் போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். குமுளியில் தங்கும் விடுதி நடத்துகிற ஒரு மலையாளத்து அம்மா என்னிடம் தொடர்ந்து வாங்குகிறார்.

எங்கள் அப்பாவுக்கு மட்டும் இது பிடிபடவே இல்லை. "ஊர்ல பெயிண்டு அடிச்சாப் புதுசாகும். எம்மக அடிச்சாப் பழசாகுது" என்று எங்கள் பிறந்த ஊர் காமயகவுண்டன்பட்டி முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அந்த அப்பா சிரித்து ரொம்ப நாளாகிறது. காரணம் என் தங்கச்சி.

என்னைவிட ரொம்ப இளையவள். அம்மா போனபிறகு நான்தான் அவளுக்குத் தலைவாரிவிட்டு, திட்டி, சோறு ஊட்டி வளர்த்தேன். சின்னமனூர் பக்கத்தில் ஒரு ஊரில் தை மாசம் கட்டிக்கொடுத்தோம். ஆடி பிறந்ததும், புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருகிற வழக்கப்படி அப்பா போய்க் கூட்டி வந்தார். ஆவணியில் அவர்கள் வந்து திரும்பக் கூட்டிப்போக வேண்டும். வரவில்லை. கேட்டால், மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூரில் இருக்கிறாராம், வந்ததும் கூப்பிட்டுக்கொள்கிறார்களாம். அடுத்த ஆவணியும் வந்துபோனது. அந்த மகராசன் எந்த ஊரில் அப்படி என்ன கோட்டை கட்டுகிறானோ, போனையும் எடுப்பதில்லை.

சீர்வரிசையாகக் கொடுத்த கட்டில், பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள், அண்டா குண்டா எல்லாம் அங்கேதான் கிடந்தன. அதைக் கேட்டு வாங்கலாமே என்று நான் குதித்தபோது அப்பா அடக்கிவிட்டார். "சீரு சாமானத் திருப்பிக் கேட்டா நம்மளே அத்துவிட்ட மாதிரி ஆயிரும் ஆத்தா. கெடக்கட்டும்." எங்கள் பக்கம் அப்படித்தான். சீர் வீடு திரும்பினால் கல்யாணம் முடிந்தது என்று அர்த்தம். தங்கச்சியும் அந்த ஒரு நூலைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினாள். "வேணாம்னு நெனச்சிருந்தா சாமானக் கொண்டாந்து எறக்கிட்டுப் போயிருப்பாகள்லக்கா? எல்லாம் அங்கனதான இருக்கு" என்பாள். அதைச் சொல்லிக்கொண்டே பக்கத்து ஊரில் கிடைத்த வேலையையும் வேண்டாமென்றாள். கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல?

ஒருநாள் வழக்கமாகப் போகும் பழைய சாமான் கடைக்குப் போயிருந்தேன். உள்ளே, மடக்கு நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு டிரெஸ்ஸிங் டேபிள் நின்றது. கண்ணாடியின் மேல்மூலையில் மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. எல்லா வீட்டுக் கண்ணாடியிலும் பொட்டு இருக்கும்தான். ஆனால் அந்த வரிசை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அவள் அப்படித்தான் நூல் பிடித்த மாதிரி ஒட்டி வைப்பாள். குனிந்து முன்கால்களைப் பார்த்தேன். சீர் இறக்கிய அன்று படியில் இடித்து ஒரு கால் விரிசல் விட்டதும், ஆசாரி ஒரு பித்தளைத் தகட்டை வைத்து ஆணி அடித்துக் கொடுத்தார். தகடு அப்படியே இருந்தது.

கடைக்காரரிடம் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"சின்னமனூர்ப் பக்கம் ஒரு வீட்டுல யக்கா. எடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு, தூக்கிட்டுப் போங்கன்னு சொன்னாக. நல்ல சாமான். கீழ் டிராயர் மட்டும் தெறக்காது. உள்ள என்னமோ உருளுது, நானும் இழுத்துப் பாத்துட்டேன். நெம்புனா முன்பலகை பிச்சிக்கிரும்."

இடத்தை அடைக்கிறதாம்! அடப் பாவிகளா, உங்கள் வீட்டில் ஒரு பெண்ணே இடத்தை அடைக்கிறாள் என்று ஆடியில் அனுப்பிவிட்டீர்கள், இப்போது அவள் கண்ணாடியுமா? அந்த இடத்திலேயே நின்று கத்தியிருப்பேன். கடைக்காரர் என்ன செய்வார், பாவம். பேரம்கூடப் பேசாமல் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வேறு எவளோ அதன் முன்னால் நின்று பொட்டு வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்குமேல் என்ன செய்யப்போகிறேன் என்று வண்டி வீட்டு வாசலில் நிற்கும்வரை யோசிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் பார்த்துவிட்டு, "மாமாகிட்டச் சொல்லிரு" என்றார்.

"சொன்னா என்னாகும்? அந்தப் பிள்ளை அன்னைக்கே உடைஞ்சு போயிரும்."

"சொல்லாட்டி? வாழ்நாள் பூரா வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கட்டுமா?"

கோபம்தான் வந்தது. மாடிக்குப் போய் உப்புத்தாளை எடுத்தேன்.

முதலில் பொட்டுகளைச் சுரண்டினேன். ஒவ்வொன்றாக நகத்தால். பசை போகவில்லை, எண்ணெய் வைத்துத் துடைத்தேன். தகட்டின் மேல் மக்கு என்கிற பட்டிப் பசையைப் பூசி மட்டமாக்கினேன். அந்தத் தேக்கு நிறத்தை மூன்று தடவை அடித்து மறைத்தேன். இதன் முகத்தையே மாற்றி, குமுளிக்கு மலையேற்றிவிட வேண்டும். கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டால் பிறகு நிதானமாக யோசிக்கலாம். இதுதான் என் திட்டம். விடுதி அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது. "சேச்சி, கொள்ளாம், நல்லாருக்கு! நல்ல பழைய லுக் வேணும் கேட்டோ. ஞாயித்துக்கிழமை வண்டி அனுப்பறேன்."

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் காயுமா? கிளேஸ் பூசிய அன்றைக்கென்று மலைப்பக்கமிருந்து சாரல் பிடித்துக்கொண்டது. தொட்டால் விரலில் ஒட்டியது. அது நன்றாகக் காய்ந்து, மேலே வார்னிஷ் அடித்தால்தான் நிற்கும். அதுவரை ஈரத்துணி பட்டாலும் கரைந்துவிடும். மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். மின்விசிறியைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தேன். குழம்பில் உப்பை இரண்டுதரம் போட்டேன். அந்தக் கீழ் டிராயரை இழுத்தேன், தட்டினேன், மெழுகு தடவினேன், திட்டினேன். அசையவில்லை. உள்ளே ஏதோ உருண்டது. போகட்டும் சனியன் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் செருப்புச் சத்தம். தங்கச்சி. கையில் திராட்சைப் பை.

"என்னடி, ஒரு போனுகூடப் பண்ணாம?"

"ஏன், வரக்கூடாதா? தோட்டத்துல அறுத்தாக, அப்பா குடுத்துவிட்டாக. வீட்டுல இருக்க முடியலக்கா. பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன்."

உட்கார வைத்தேன். சாப்பிடச் சொன்னேன். ஃபேன் போட்டேன். டிவி போட்டேன். அவள் எழுந்தால் நானும் எழுந்தேன். "ஒனக்கு என்னக்கா ஆச்சு, கோழி மாதிரி சுத்துற?" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தேன். சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும் சாமி என்று கும்பிட்டுக்கொண்டு பாலை அடுப்பில் வைத்தேன்.

அப்போதுதான் தகரத்தில் சடசடவென்று தூறல் விழுந்தது.

"யக்கா, துணி நனையுது!" என்று கத்திக்கொண்டே அவள் மாடிப்படியில் ஓடினாள். நான் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. பால் பொங்கினால் பொங்கட்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டு நானும் ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் கொடியிலிருந்த துணியெல்லாம் அவள் தோளில் இருந்தது. டேபிள்மேல் நான் போர்த்தியிருந்த பழைய சேலையைக் காற்று ஒருபக்கம் தள்ளியிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாருக்கேக்கா. யாருக்கு?"

அப்பாடா! தெரியவில்லை. எனக்கு வாய் தானாக ஓட ஆரம்பித்தது. குமுளி அம்மாவைப் பற்றிச் சொன்னேன், பச்சை நிறம் மதுரையிலிருந்து வரவழைத்தது என்றேன், கிளேஸ் எப்படிக் கலப்பது என்றேன், யாரும் கேட்காததையெல்லாம் சொன்னேன். அவள் 'உம்' கொட்டிக்கொண்டே துணிகளை மடித்தாள். கை நிறையத் துணி கிளிப்புகள். எங்கே போடுவது என்று பார்த்தவள், என் பேச்சைக் கேட்டபடியே, டேபிள் பக்கம் திரும்பாமலே, கீழ் டிராயரின் பிடியைப் பிடித்துச் சற்று மேலே தூக்கி, வலது முட்டியால் ஓரத்தில் ஓர் இடி இடித்தாள்.

டிராயர் வழுக்கிக்கொண்டு திறந்தது.

நான் பேச்சை நிறுத்தினேன். அவள் தன் முட்டியைப் பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்தாள். மெரூன் பொட்டு அட்டை ஒன்று. கோத்து வைத்த ஊக்குகள். உருளை மாதிரி ஒரு பவுடர் டப்பா. முடி சிக்கிய ஒரு சீப்பு. கிளிப்புகள் அவள் கையிலிருந்து தரையில் கொட்டின.

"ஏ, நான் சொல்றதக் கேளு" என்றேன். "நான் சொல்லலாம்னுதான்... நீ தாங்க மாட்டேன்னு..." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வளர்த்தவள் நான்தானே, எனக்கு அவ்வளவும் வலித்தது.

அவள் அழவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து சீப்பை எடுத்தாள். அதிலிருந்த முடியை உருவி, விரலில் சுற்றினாள்.

"தெறந்துகூடப் பாக்கலையே அவுக" என்றாள்.

தூறல் மட்டும் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கிளிப்புகளைப் பொறுக்கினேன். பிறகு அவள் எழுந்து, வாளியில் கிடந்த என் ஈரத்துணியைப் பிழிந்து, டேபிளின் ஓரத்தில் அழுத்தித் துடைத்தாள். கிளேஸ் கரைந்து துணியில் வந்தது. அடியில் பச்சை பளிச்சென்று தெரிந்தது.

"ஏக்கா இம்புட்டு அழுக்கப் பூசி வச்சிருக்க? வாங்கி அப்பிடி எம்புட்டு நாளாயிருச்சு? இன்னும் பழசாகலக்கா இது."

நானும் ஒரு துணியை எடுத்தேன். இரண்டு பேரும் துடைத்தோம். செதுக்குவேலையின் பள்ளங்களில் இருந்ததை அவள் ஊக்கு நுனியில் துணி சுற்றி எடுத்தாள். கண்ணாடியைத் துடைக்கும்போது அதில் அவள் முகம் தெரிந்தது. ஒரு பொட்டை உரித்து நெற்றியில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை எடுத்து மேல்மூலையில் ஒட்டினாள்.

"குமுளிக்காரம்மாவுக்கு வேற எதாச்சும் செஞ்சு குடு" என்றாள். "இது இங்கனயே இருக்கட்டும், வேலைக்குச் சேந்து வீடு பாத்ததும் எடுத்துக்கிறேன்."

"சரிடி."

"அப்பாவுக்கு இப்பவே போனப் போடு."

"என்னன்னு சொல்ல?"

"கட்டிலு, பீரோ, அண்டா, எல்லாத்தையும் நாளைக்கே போயிக் கேக்கச் சொல்லு. அவுக விக்கிறதுக்குள்ள."