புளிப்பு அக்கா

தட்டின் மூடியை லேசாகத் தூக்கி, விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்க்கிறாள். ஒன்றும் முளைக்கவில்லை. மூடுகிறாள். கணினியில், தட்டில் தடவியிருந்த ஈஸ்டுக்குரிய பக்கத்தைத் திறந்து, ‘கிடைக்கும்’ என்பதை ‘உயிரில்லை’ என்று மாற்றுகிறாள். அடுத்த தட்டு.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குப் புளிப்பு அக்கா என்று பெயர். பதினெட்டு வருஷம் ஈஸ்டோடு கிடந்ததில் துணியெல்லாம் புளித்த வாடை. யாராவது மூக்கைச் சுளித்தால், “சென்ட் போட்டா என் புள்ளைங்களுக்கு அடையாளம் தெரியாதுப்பா” என்பாள். பிள்ளைகள் என்பது நாலாயிரத்து எண்ணூறு குப்பிகள். ரொட்டியை உப்பவைக்கிற அதே ஈஸ்ட்தான். குப்பிக்கு ஒரு ஜீனை நீக்கி வளர்த்தது. எந்த ஜீன் போனால் எது கெடும் என்று ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் ஒரு பக்கம். ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக் கேட்டால் அனுப்பிவைப்பாள். பக்கங்களை எழுதியதும் அவள்தான். ‘சூடு தாங்காது’, ‘உப்பைக் கண்டால் சுருங்கும்’. ஒன்றுக்கு, ‘சோம்பேறி, ஆனால் லேசில் சாகாது’ என்று எழுதி இயக்குநரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

போன மாதம் நீண்ட விடுமுறையில், குப்பிகள் இருந்த ஃப்ரீசர் நின்றுவிட்டது. எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது; கேட்க ஆளில்லை. ஒன்பதாம் நாள் அவள் கதவைத் திறந்தபோது வெதுவெதுப்பான தண்ணீர் காலில் வழிந்தது.

“வெப்சைட்ல கை வைக்காதீங்க” என்றார் இயக்குநர். “வருஷத்துக்கு நாலு பேரு கேக்கறாங்க. கேக்கும்போது பாத்துக்கலாம்.”

“இல்லாததை இருக்குன்னு எப்படி சார் போடறது?”

“அப்ப மொத்தமா இல்லைன்னு போட்டுத் தொலைங்க.”

அதற்கும் அவள் மசியவில்லை. ஒன்றிரண்டு பிழைத்துக் கிடக்கலாமே. ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு துளி எடுத்துத் தட்டில் தடவி, மூன்று நாள் காத்திருந்து பார்க்கிறாள். மூவாயிரத்துச் சொச்சம் முடிந்தது. பிழைத்தவை பதினொன்று.

“ஈஸ்டுக்கெல்லாமா சோறு இறங்காம உக்காந்திருப்பாங்க?” என்கிறார் கணவர். ஒரு நாள் தட்டில் வெள்ளையாக ஏதோ தெரிய, “வந்துடுச்சு!” என்று கத்தியேவிட்டாள். உற்றுப் பார்த்தால் பூஞ்சை.

நேற்று முற்பகல் ஒரு போன். ஓய்வுபெற்ற பேராசிரியர், குப்பிகளில் அறுபது அவர் உருவாக்கியவை.

“ஒண்ணே ஒண்ணு அனுப்பும்மா. என் பழைய ஸ்டூடண்ட் அவ லேப்ல எடம் குடுக்கறேங்கறா. ஒரு சோதனையைத் திரும்பப் பண்ணிப் பாக்கணும். எங்கிட்ட எதுவும் வெச்சுக்கல. உங்ககிட்டன்னா பத்திரமா இருக்கும்னு எல்லாத்தையும் குடுத்துட்டேன்.”

எண்ணைச் சொன்னார். அந்தத் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை என்று அன்று காலையில்தான் அவள் பார்த்து மூடிவைத்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள்.

“மத்த அம்பத்தொம்பதும்?”

“எதுவும் வரலைங்கய்யா.”

“வெப்சைட்ல பக்கமாவது இருக்கும்ல?”

“இருக்கும்யா. அதை யாரும் எடுக்க மாட்டாங்க.”

“சரிம்மா. நீ என்ன பண்ணுவே” என்று வைத்துவிட்டார்.

அவர் கேட்ட ஈஸ்டின் பக்கத்தை அவள் திறந்தாள். உருவாக்கியவர் என்ற இடத்தில் அவர் பெயருக்கு முன்னால் இனிஷியல் விட்டுப்போயிருந்தது. தட்டச்சு செய்தவள் அவள்தான். இத்தனை வருஷமாகக் கண்ணில் படவில்லை. அந்த ஓரெழுத்தைச் சேர்த்தாள். அவருடைய அடுத்த பக்கத்தைத் திறந்தாள். அங்கும் இல்லை. நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.