நகராத சிலிப்பர்

எண்பதுகளின் தொடக்கத்தில், பள்ளி விடுமுறை விட்டால் சிலிபினிலிருந்து கடலோர ஊரான லூமுட்டுக்கு, என் மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவோம். மச்சான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முதலாளி தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் கடலோரம் வந்து, கூடு இறக்கி நண்டு பிடிக்கப் பழகினார். பழக்கியவர் பக்கத்து வீட்டு மலாய்க்காரர். தீபாவளியும் நோன்புப் பெருநாளும் இரண்டு வீட்டுக்கும் பொது.

விடியலில் நண்டு எடுத்துவிட்டு மச்சான் ஜெட்டிக்கு, படகுத்துறை வேலைக்குப் போவார். அதன்பின் அவருடைய சின்னச் சம்பான் படகு எனக்கு. விரிகுடாவின் கரையை ஒட்டித் துடுப்புப் போட்டுக்கொண்டே, கண்டல் மர வேர்களில் சிக்கிய பிளாஸ்டிக் பைகளையும் எண்ணெய் டின்களையும் போத்தல்களையும் கோணியில் சேர்ப்பேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. வாத்தியாராகச் சுத்தத்தைப் பற்றி வகுப்பில் பேசிப் பேசி, கையும் ஏதாவது செய்யட்டும் என்று தோன்றியதோ என்னவோ.

"என்ன அண்ணே, கடலையே கூட்டிப் பெருக்கப் போறீங்களா?" என்பார் மச்சானின் மனைவி. "அப்படியே என் அடுப்படிக்கும் வந்துட்டுப் போங்க லா!"

அன்று கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பழைய ஜப்பான் சிலிப்பர், ரப்பர் செருப்பு, மிதந்தது. அதற்கப்பால் இன்னும் சில. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது, மற்ற குப்பையெல்லாம் கடல் பக்கம் போக, சிலிப்பர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றன. ஒன்றைத் தூக்கினேன். அடியில் நைலான் கயிறு. இழுத்தால் கனமாக எதுவோ பிடித்தது. கிழிந்த வலை சிக்கியிருக்கும் என்று கத்தியால் அறுத்தேன். எல்லாவற்றையும் அப்படியே அறுத்துக் கோணியில் போட்டேன். முதல் கயிறு கையை இழுத்தபோதே, இது யாரோ கட்டியதோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அப்போதே வந்ததா, பிறகு நானே சேர்த்துக்கொண்டதா? இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

மறுநாள் விடியலில் மச்சான் வெறுங்கையோடு திரும்பினார்.

"நண்டுக்கூடு ஒன்னுகூட இல்ல மாப்ள. அடையாளத்துக்குக் கட்டியிருந்த சிலிப்பரையும் காணோம்."

"அலை அடிச்சிட்டுப் போயிருக்குமோ?" என்றேன். அதைத்தான் சொன்னேன்.

"எல்லாத்தையுமா? அந்த இடம் எனக்கும் அவனுக்கும் மட்டுந்தான் லா தெரியும்."

வேகமாகப் பக்கத்து வீட்டுக்குப் போனார். மலாயில் இருவர் குரலும் உயர்ந்தது. "நானா? நானா எடுத்தேன்?" என்று அந்த மனிதர் திரும்பத் திரும்பக் கேட்டது எங்கள் சமையலறை வரை கேட்டது. கோணி, கட்டைகள்மேல் நின்ற வீட்டுக்கடியில் கிடந்தது. எடுத்துப்போய்க் காட்டியிருந்தால் அந்த நிமிடமே முடிந்திருக்கும். எனக்குக் கால் எழவில்லை. பயமா, வெட்கமா, வாத்தியார் என்ற மரியாதை போய்விடும் என்ற கணக்கா? மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டேன், எதுவும் பொருந்தவில்லை. சத்தம் அடங்கியபின் கோணியைத் தூக்கிப்போய் பஸ் நிலையத்துக் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். அதற்குக் கால் எழுந்தது.

அடுத்த விடுமுறைக்குப் போனபோதும் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. மச்சான் வாசலில் உட்கார்ந்து சிலிப்பர்களுக்குச் சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு மச்சான் சிவப்பு?"

"படிச்சவங்க கண்ணுக்கும் தெரியணும்ல மாப்ள," என்று சிரித்தார்.

தெரிந்துதான் சொன்னாரா? தெரிந்திருந்தால் அந்த மலாய்க்காரரிடம் ஏன் போய்ப் பேசவில்லை? தங்கை புருஷனைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நண்பரை விட்டுவிட்டாரா? தெரியாதென்றால் அந்தச் சிரிப்பு எதற்கு? கேட்டிருக்கலாம். கேட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும். அவர் இறக்கும்வரை கேட்கவில்லை.

அன்று பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு தூரிகையை எடுத்து அடுத்த சிலிப்பருக்குச் சாயம் அடித்தேன். வேலிக்கு அப்பால் மலாய்க்காரர் தன் படகைத் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார், எனக்கு மட்டும். நானும் தூக்கினேன்.