கத்தரிப்பூ நிறமும் ‘நிழல்’ செட்டிங்கும்

என் அண்ணனுக்கு என் கேமராவைக் கண்டால் ஆகாது. எனக்கு அண்ணனைக் கண்டால் ஆகாது. பிள்ளையார்பாளையத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவனும் அண்ணியும் தறியும். அவன் இருமினால்கூட எனக்கு எரிச்சல் வரும்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. கம்பெனி லீவு நாட்களில், பழசாக வாங்கிய கேமராவோடு வாசலில் நின்று ஒவ்வொரு செட்டிங்காக மாற்றிப் பார்ப்பேன். ஷட்டரை மெதுவாக வைத்தால் மழை கோடு கோடாக விழும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படம் முழுக்க ரவை கொட்டினாற்போல் புள்ளி. நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒயிட் பேலன்ஸை ‘நிழல்’ என்பதில் வைத்தால் அழுதுவடியும் தெருகூட வெயில் பட்டதுபோல் சிவக்கும். அதில்தான் எனக்குப் பைத்தியம்.

ஒரு நாள் அண்ணி தலையில் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு பால் வாங்கி வந்தார். மெதுவான ஷட்டரில் எடுத்தேன். தெரு அப்படியே நிற்க, அண்ணி மட்டும் மழையோடு கரைந்திருந்தார். நான் எடுத்ததிலேயே உருப்படியான படம் அதுதான். ஆசையாக அண்ணனுக்கு அனுப்பினேன். அவன் அதை டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினான்.

“எங்க வூட்டு ஆர்ட்டிஸ்ட்டு மழைய போட்டோ புடிச்சிக்கினு இருக்காரு பாருங்கபா. இது இன்னா, பொம்பளையா பேயா?”

கடையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

மறுவாரம் அவனுக்கே என் கேமரா தேவைப்பட்டது. வெளியூரிலிருந்து நிச்சயதார்த்தப் புடவைக்கு ஆர்டர். இடையில் கடைக்காரர்கள் யாரும் இல்லாமல் நேராக அவனுக்கு வந்த முதல் ஆர்டர். பெண் வீட்டார் படத்தில் நூலின் நிறத்தைப் பார்த்துச் சரி என்றால்தான் தறியில் ஏற்ற வேண்டும். தறிக்கு மேலே தொங்கும் மஞ்சள் பல்பின் கீழ், சாயம் போட்ட பட்டு நூலை அண்ணி பிடித்துக்கொண்டார். கத்தரிப்பூ நிறம். எடுத்தேன். கேமரா ‘நிழலி’லேயே இருந்திருக்கிறது. திரையில் நூல் ரோஜா நிறமாகத் தெரிந்தது.

“இன்னா தம்பி, ரோஸு மாதிரி இருக்குது?” என்றார் அண்ணி.

“செட்டிங் அண்ணி. சரி பண்ணி அனுப்பறேன்.”

சரி பண்ணத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் வாசலிலிருந்து அண்ணன் கத்தினான்: “இன்னும் இன்னாடா நோண்டிக்கினு இருக்க? பேய புடிச்சவனுக்கு நூல புடிக்கத் தெரியலையா?”

தெருவில் யாரோ சிரித்தார்கள். படத்தை அப்படியே பெண் வீட்டாருக்கு அனுப்பிவிட்டேன். அவன் அசிங்கப்படட்டும் என்றுதான் நினைத்தேன். வேண்டுமென்றே செய்ததுதான்; மழுப்ப ஒன்றுமில்லை.

அவர்களுக்கு அந்த ரோஜா நிறம் ரொம்பப் பிடித்துப்போனது. மூன்று வாரம் அண்ணி நெய்தார். தறிச் சத்தம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. எந்த நாளிலும் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணன் ஜெயித்துவிடுவான் என்று பேசாமல் இருந்தேன்.

கார்த்திகை பிறந்ததும் பெண்ணின் தாய் வந்து புடவையைப் பிரித்தார். பக்கத்தில் தன் போனை வைத்தார். “நாங்க சரின்னு சொன்ன கலரே இது இல்லையே!”

அண்ணன் போனைப் பார்த்தான், புடவையைப் பார்த்தான். என் பக்கம் திரும்பவே இல்லை. என் படத்தை அவன் நம்பியது அன்றைக்குத்தான்.

“போட்டோ எடுத்த நூல எங்கடி வெச்ச? வேற நூல ஏத்திட்டியா? கண்ணு அவிஞ்சி போச்சா உனுக்கு?”

வந்தவர்கள் முன்னால் அண்ணியை அப்படிக் கேட்டான். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

“அண்ணி மேல தப்பு இல்லண்ணா” என்றேன். “கேமராதான் கலர மாத்திடுச்சு.”

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“கேமராவா தம்பி அனுப்புச்சு?”