சுவர் வெடிப்பைக் கண்டவர்

பதுளை ரயிலில் எதிரே இருந்தவர், பெருவிரலால் கண்ணிமைகளை அடிக்கடி அழுத்திக்கொண்டார். கையில் பட்டன் போன்தான். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பேஸ்புக்கில் எழுதுவதை அலுவலகக் கணினியில் படித்து அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுப்பது தன் வேலை என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

“நாங்க எழுதுறதுல என்னத்தங்க தேடுறீங்க?”

“அரசாங்கத்தத் திட்டுறாங்களான்னு. ஆனா பாதிப்பேரு லயத்து வீட்டுச் சுவரு வெடிச்சதத்தான் படம் புடிச்சுப் போடுறாங்க. அத எழுத அறிக்கையில இடமில்லீங்க. உங்களுக்கு எந்தப் பக்கம்?”

“லுணுகலை. கோயிலடி லயம்.”

தெமோதரையில் இறங்க எழுந்தவர் நின்றார்.

“உங்க லயத்துலருந்து போட்ட படங்களப் பாத்தேன். பின்சுவரு வெடிப்பு போன மாசத்தவிட பெருசாயிருச்சுங்க. மழைக்கு முன்ன வெளிய வந்துருங்க.”

அங்கேயே குடியிருக்கும் நான் அதைக் கவனித்திருக்கவில்லை. அவர் வேலைமேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் மழை வலுத்தால், அவர் பார்க்கட்டும் என்றே பின்சுவரை ஒரு படம் எடுத்துப் போடுகிறேன்.