குறைத்து எழுதிய மூன்று வயது

புதுக்குடியிருப்பில் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்தவள் விமலேஸ்வரி. கூடப் பிறந்தவர்கள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். அவளுக்கும் போக ஆசைதான். ஆனால் பொறுப்பேற்க ஆள் வராமல் பதிவேடுகளை விட்டுப் போக முடியாது. வன்னிக்குள் வேலைக்கு வர ஒருவரும் சம்மதிக்கவில்லை. மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே, மலேரியாவில் செத்தவர்களைப் பதிந்துகொண்டிருந்தாள்.

தொண்ணூற்றொன்பதில் ஒருநாள் மதலேனா வந்தாள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்தவள். புருசன் கடலோடு போய்விட்டான். மகன் அனிஸ்ரனின் பிறப்புப் பத்திரமும், அதைப் பதிந்த பழைய ஏடும் சண்டையில் எரிந்திருந்தன.

“புதுசாப் பதியவேணும் மிஸ். வயசு பதின்மூண்டு எண்டு போடுங்கோ.”

விமலேஸ்வரி வாசலில் நின்ற பையனைப் பார்த்தாள்.

“பதினாறாவது இருக்குமே மதலேனா?”

“ஓம், பதினாறுதான். இயக்கக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்து வளந்த பெடியளின்ர பேரைச் சண்டைக்கு எடுக்கினம். மூத்தவனைக் குடுத்திட்டன் மிஸ். இவனையும் குடுக்கேலாது.”

பொய் எழுதினால் வேலை போய்விடும் என்று சொல்லத்தான் விமலேஸ்வரி வாயெடுத்தாள். ஆனால் அந்த வருடம் இறப்பு ஏட்டில் எழுதியதில் பாதி சண்டையில் செத்த அவன் வயதுப் பிள்ளைகளின் பெயர்கள். பேனையை எடுத்தாள். அத்தனை வருட வேலையில் அவள் தெரிந்தே எழுதிய முதல் பொய் அது.

பேர் எடுக்க வந்தவர்கள் பத்திரத்தை வாசித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் பையன் வளர்வதைப் பத்திரத்தால் மறைக்க முடியவில்லை. அடுத்த வருடம் மதலேனா அவனை வவுனியாவில் இருந்த தன் தம்பியிடம் அனுப்பப் பார்த்தாள். எல்லைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பத்திரத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கள்ளப் பத்திரம் என்று பையனை அடைத்து வைத்து விசாரித்தார்கள். பிறகு வந்த வழியே துரத்திவிட்டார்கள்.

கேள்விப்பட்ட அன்றே விமலேஸ்வரி ஒரு கடிதம் எழுதினாள். வயதைக் குறைத்து எழுதியது தான்தான், பையனில் குற்றம் இல்லை என்று கையொப்பமும் வைத்தாள். சைக்கிளில் போய் மதலேனாவின் கையில் கொடுத்தாள்.

“இதைக் கொண்டுபோய் ஆமியிட்டக் காட்டட்டும். எனக்கு வாறது வரட்டும்.”

மதலேனா வாசித்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“அங்க காட்டுறதுக்கு முன்னம் இஞ்ச இயக்கத்தின்ர சாவடியில காட்டவேணுமே மிஸ். வயசு தெரிஞ்சால் இவையள் விடுவினமே?”

மதலேனா கடிதத்தை அடுப்புக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகு அனிஸ்ரன் எங்கேயும் போகவில்லை. சமையல் குசினிக்குப் பின்னால் இருந்து கிழிந்த வலை பொத்தினான். தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே உள்ளே ஓடிவிடுவான். அதனால் அந்த ஒழுங்கையால் போகும்போது விமலேஸ்வரி மணி அடிப்பதையே விட்டுவிட்டாள்.