காட்டுக்குள் கேட்ட பேட்டுக் குரல்

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். ஆனால் றெமிஜியஸ் கதை கட்டத் தெரிந்த ஆள் இல்லை. பதினாறு வருடமாக லொறி ஓட்டுகிறவன். மல்வேர்னில் அவனைத் தெரிந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். இதில் வரும் நேரங்கள் அவன் பொலிசுக்குச் சொன்ன அதே நேரங்கள்.

2023 மே, இரண்டாம் சனிக்கிழமை. விட்பிக்கு வடக்கே மரியோ என்ற வயதான இத்தாலியரின் தோட்டம். அதன் பின்னால் நாற்பது ஏக்கர் காடு. அங்கே வான்கோழி சுட மரியோ அனுமதி கொடுத்திருந்தார். றெமிஜியஸுடன் றோய் வந்திருந்தான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

றெமிஜியஸிடம் ஒரு சின்ன மரப்பெட்டி இருந்தது. மூடியை உரசினால் பேட்டுக் கோழியின் குரல் வரும். இணை கூப்பிடுகிறது என்று நம்பிச் சேவல் வரும். முப்பது மீற்றருக்குள் வந்ததும் வெடி.

"ஆசையிலயே சாகுதுகள், பார்!" என்று ஒவ்வொரு முறையும் சிரிப்பான். அந்த ஏமாற்றுத்தான் அவனுக்கு இறைச்சியைவிட ருசி.

விடியற்காலை 4:55க்கு இருவரும் பிரிந்தார்கள். றோய் ஓடைக்கு அந்தப்பக்கம், வடக்கே. றெமிஜியஸ் இந்தப்பக்கம், ஒரு பெரிய மரத்தடியில்.

"இருக்கிற இடத்தை விட்டு எழும்பக்கூடாது, சரியோ?" என்றான் றெமிஜியஸ்.

"ஓம் மச்சான். எனக்குப் பிள்ளையள் இருக்கு."

5:22. சுடலாம் என்ற வெளிச்சம் வந்துவிட்டது. பெட்டியை மூன்று தரம் உரசினான்.

க்யாவ்... க்யாவ்... க்யாவ்...

தெற்கிலிருந்து ஒரு பேடு பதில் சொன்னது. மூன்று தரம்.

நான்கு தரம் உரசினான். நான்கு தரம் வந்தது.

இரண்டு. இரண்டு.

இனி வேண்டாம் என்று பெட்டியைக் கீழே வைத்தான்.

க்யாவ்...

பெட்டி தரையில் கிடந்தது. சத்தம் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. அப்போதுதான் கவனித்தான்... காட்டில் வேறு ஒரு குருவிச் சத்தமும் இல்லை.

5:47. தெற்கே பற்றைக்குள் ஒரு சேவல். சிவந்த தலை, நெஞ்சில் தொங்கும் தாடி. எந்தச் சேவலும் சந்தேகப்படும். நின்று நின்று, சுற்றி வரும். இது நிற்கவில்லை. தலையை ஆட்டவுமில்லை.

காலடி மட்டும் கனமாக இருந்தது.

சரக்... சரக்...

நாற்பது மீற்றர். முப்பது.

நின்றது.

சுட்டான்.

ஓடிப்போய்ப் பார்த்தான்.

றோய்.

தொண்டை இருந்த இடத்தில் தொண்டை இல்லை. வடக்கே இருந்தவன் தெற்கிலிருந்து வந்திருக்கிறான். ஓடையைக் கடந்தவனின் சப்பாத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

கவனக்குறைவு என்று வழக்குப் போட்டார்கள். சேவலைத்தான் கண்டேன் என்று றெமிஜியஸ் அழுதான். யார் கேட்பார்கள்?

மூன்று கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், பிணையில் இருந்த றெமிஜியஸின் வீட்டுக்கு றோயின் மனைவி ஏஞ்சலா வந்தாள். பொலிஸ் பூட்டைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்த றோயின் போனைக் குசினி மேசையில் வைத்தாள். காட்டுச் சத்தங்களைப் பதிவு செய்வது றோயின் பழக்கமாம். அழுத்தினாள்.

றெமிஜியஸின் குரல் கேட்டது.

"றோய், இஞ்சால வா. பெரிய சேவல் ஒண்டு விழுந்திட்டுது."

"வெடி கேக்கேல்லையே, மச்சான்?" இது றோய்.

"கிட்ட வா... இன்னும் கிட்ட... உதில நில்."

வெடி.

ஏஞ்சலா போனை நிறுத்தினாள். "இதுக்கு மேல என்னால கேக்க ஏலாது. ஏன் அண்ணை கூப்பிட்டுச் சுட்டனீங்கள்?"

"நான் வாயே திறக்கேல்லை, தங்கச்சி!"

அவனுடைய மனைவி செலீன் சுவரோடு ஒட்டி நின்றாள். "உங்கட குரல்தானே..."

தான் குற்றவாளி இல்லை என்று காட்டவேண்டும். அந்த வெறியில் அவனே போனை எடுத்து மிச்சத்தை ஓடவிட்டான்.

ஓடிவரும் சப்பாத்துச் சத்தம். சில அடி தள்ளி அவனுடைய அலறல்: "ஐயோ, றோய்!" அதே நேரம், போனுக்குப் பக்கத்தில், அவனுடைய குரலிலேயே ஒரு சிரிப்பு.

"பாருங்கோ! ஒரே நேரத்தில ரெண்டு இடத்தில நான் எப்பிடி..."

அவன் முடிக்கவில்லை. போனில் இப்போது றோய் பேசினான். தொண்டை போனவன். தெளிவாக, சந்தோசமாக.

"ஏஞ்சலா... இஞ்சால வா. நான் இஞ்சதான் நிக்கிறன்."

ஏஞ்சலா கிட்ட வந்தாள். போனை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். மூன்று கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது.

மறுநாள் காலை அவளுடைய கார் மரியோவின் வேலியோரம் நின்றது. உள்ளே யாரும் இல்லை. பொலிஸ் ஒன்பது நாள் தேடியது. இன்றுவரை கிடைக்கவில்லை. பிள்ளைகள் இருவரும் இப்போது வெக்ஸ்போர்ட்டில், சித்தி வீட்டில்.

ஓகஸ்டில் மரியோ றெமிஜியஸுக்குப் போன் எடுத்தார். அவருக்கு ஆங்கிலமும் இத்தாலியும் மட்டுமே தெரியும்.

"ஒவ்வொரு நாளும் விடியற்காலை காட்டுக்குள் ஒரு பெண் கூப்பிடுகிறாள்," என்றார். "முதலில் உன் பெயர். பிறகு ஏதோ உங்கள் பாஷை..."

கிழவர் தட்டுத்தடுமாறி உச்சரித்தார்.

"கி...ட்...ட... வா. அப்படியென்றால் என்ன?"