கணுக்காலுக்கு ஒரு எக்ஸ்ரே

சிக்குன்குனியா செல்லூரைப் போட்டு உலுக்கிய வருஷம் அது. எங்கள் சந்தில் நிமிர்ந்து நடந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தறிக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். யார் நொண்டினாலும் அதற்கு ஒரே பெயர்தான். எனக்குக் காய்ச்சலே வரவில்லை. ஆனாலும் நொண்டினேன்.

கொசு மருந்து அடிக்க வந்தவர்கள், தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துக் கழுவச் சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னது வீட்டில் எல்லாருக்கும்தான், கவிழ்த்தது நான். எந்த வீட்டு ஆம்பளையும் அந்த வேலைக்குக் குனிந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஈரத்தில் வழுக்கி டிரம்மோடு விழுந்தேன். கணுக்காலில் மளுக்கென்று சத்தம் கேட்டது.

“ஒனக்கும் வந்துருச்சாக்கா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“வரலடி, விழுந்துட்டேன்.”

“வாரதுக்கு முன்னாடி அப்படித்தான் தள்ளும்” என்றாள்.

மறுநாள் வீங்கிய காலோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணைக்கு என் வீட்டுக்காரர் வந்தார். அவருக்குக் காய்ச்சல் விட்டும் முட்டி வலி விடவில்லை. எலும்பு டாக்டர் அறைக்கு எங்களுக்கு முன்னால் போன டீச்சரம்மாவுக்கு “உக்காருங்க மேடம்” கிடைத்தது. என் முறை வந்தபோதும் அதே நாற்காலி அங்கேதான் இருந்தது. உட்காரச் சொல்லத்தான் ஆளில்லை.

டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, “என்ன செய்யுது?” என்றார். கேட்டாரே என்று அவரும் முட்டி வலியைச் சொன்னார். “தறியில நிக்கிற ஆளு, ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருவோம்” என்று டாக்டர் அவருக்குச் சீட்டு எழுதினார். அதே பட்டறையில் தறிக்கு நூல்தார் சுற்றுகிறவள்தான் நானும்.

“சார், நான் விழுந்துட்டேன்” என்று சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டுவதற்குள் எனக்கு மாத்திரை எழுதி முடித்துவிட்டார். “ஒங்க ஏரியா பூராவும் இதே கதைதாம்மா. உக்காந்தே கெடக்காம நட, சரியாப் போயிரும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியே விட்டால் கால் கோணலாகக் கூடிக்கொள்ளும், ஆயுசுக்கும் நொண்டிதான். எக்ஸ்ரே அறையில் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் நான் மேஜைமேல் ஏறிப் படுத்துவிட்டேன்.

“யம்மா, எறங்குங்க. சீட்டு அவருக்குல்ல?” என்றார் படம் எடுக்கிறவர்.

“விழுந்தது நானு. இந்தக் காலை எடுக்காம எறங்க மாட்டேன்.”

“டாக்டரு திட்டுவாருடி” என்றார் வீட்டுக்காரர்.

“திட்டட்டும்.”

வெளியே வரிசை முணுமுணுத்தது. எலுமிச்சம்பழம் விற்கிற அம்மா ஒருத்தி மட்டும் கதவைத் தள்ளி எட்டிப்பார்த்து, “எடுத்து விடுங்கண்ணே, அம்புட்டுத் தூரம் சொல்லுதுல்ல” என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டே எடுத்தார்.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பு பிசிறில்லாமல் இரண்டாக நின்றது. “இதை வச்சுக்கிட்டு எப்படிம்மா நடந்தீங்க?” என்றார்.

“நீங்கதான சார் நடக்கச் சொன்னீங்க.”

அன்றைக்கே மாவுக்கட்டுப் போட்டார்கள். கிளம்பும்போது டாக்டர், “ஆறு வாரம் காலைக் கீழ ஊனக்கூடாது. தண்ணி தூக்க, சோறாக்க வீட்டுல பொம்பளையாள் யாரும் இருக்காங்களா?” என்று கேட்டார்.

“ஆம்பளையாள் இருக்காரு” என்று பக்கத்தில் நின்றவரைக் காட்டினேன்.